முதலில் கால், பிறகுதான் கை
கூடைப்பந்தில் பந்து வைத்திருப்பவரை மறிப்பது எப்படி?



கூடைப்பந்துத் திடலுக்குப் புதிதாக வருபவர்களிடம் "என்ன கத்துக்க வந்திருக்கே?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் மூன்று புள்ளி ஷாட் என்பார். இன்னொருவர் காலுக்கு இடையில் பந்தைத் தட்டும் வித்தை என்பார். "எதிராளியை மறிக்கக் கத்துக்கணும்" என்று சொன்ன ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் அப்படிச் சொன்னவன் இல்லை. சொல்லிக் கற்றிருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அணி அந்த ஆட்டத்தைத் தோற்றிருக்காது.

அது ஒரு நட்புமுறை ஆட்டம். கடைசி ஆறு விநாடி. நாங்கள் ஒரு புள்ளி முன்னிலை. பந்து எதிரணி கார்டின் கையில். அவரை மறிப்பது என் வேலை. அவர் இடப்பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். என் கால் நகரவில்லை, கைதான் போனது. மணிக்கட்டில் பட்டது, விசில் ஊதிவிட்டார்கள். அந்தக் குவார்ட்டரில் அது எங்கள் அணியின் ஐந்தாவது ஃபவுல். ஆகவே அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் கூடைக்குள் விழுந்தன.

ஆட்டம் முடிந்து ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எங்கள் மாஸ்டர் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: "கை நீட்டினதை நினைச்சு வருத்தப்படாதே. அதுக்கு அரை விநாடி முன்னாடியே உன் கால் தூங்கிடுச்சு. அதைச் சரி பண்ணு."

அன்றிலிருந்து நான் கற்றதையும், இப்போது சனிக்கிழமை மாலைகளில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு வீவக புளோக் திடலில் நம் இளைஞர் அணித் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் பாடமாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு திடலில் செய்து பாருங்கள்.

இது நம் ஆட்டமா?

பயிற்சி தொடங்கிய புதிதில் ஒரு பெரியவர் என்னிடம், "நம்ம பிள்ளைங்களுக்கு ஃபுட்பால், கிரிக்கெட் சரி. இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்டார். கோபப்பட வேண்டிய கேள்வி இல்லை. பதில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கிய ஆட்டம் இது. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று இந்தியக் கூடைப்பந்தில் தமிழ்நாடு வலுவான மாநிலங்களில் ஒன்று. இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய சென்னை வீராங்கனை அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் சிங்கப்பூரும் சளைத்ததில்லை. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் ஆடவர் கூடைப்பந்து அணி ஆடியிருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் திடலில் இறங்குங்கள்.

"நான் குட்டை, எனக்கு இது வராது" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என்.பி.ஏ. ஆண்டுதோறும் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கு ஒரு விருது தருகிறது. கூடைக்கு அடியில் நிற்கும் உயரமானவர்களுக்கே அது பெரும்பாலும் போகும். ஆனால் 1996இல் கேரி பேட்டனும் 2022இல் மார்கஸ் ஸ்மார்ட்டும் அதை வாங்கினார்கள். இருவரும் கார்டுகள். அந்த லீக்கின் அளவில் உயரம் குறைந்தவர்கள். முன்னால் நிற்பவரை நகரவிடாமல் மறித்ததே அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

உங்கள் வேலை என்ன?

பாடத்தின் அடிப்படை இதுதான்: பந்து வைத்திருப்பவருக்கும் கூடைக்கும் நடுவில் நிற்பதே உங்கள் வேலை. பந்தைப் பிடுங்குவது வேலை இல்லை. கிடைத்தால் அது போனஸ்.

பந்தைப் பறிக்காமல் சும்மா நின்றால் என்ன பயன் என்று கேட்கலாம். விதிப்புத்தகத்தைப் பாருங்கள். எதிரணி எட்டு விநாடிக்குள் பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். 24 விநாடிக்குள் ஷாட் போட வேண்டும். பந்தைக் கையில் பிடித்து நிற்பவரை நீங்கள் ஒரு மீட்டருக்குள் நெருங்கி மறித்தால், அவர் ஐந்து விநாடிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கடிகாரம் உங்கள் பக்கம் இருக்கிறது. அவரை நேர்கோட்டில் போகவிடாமல் இரண்டு தடவை திசை மாற வைத்தாலே நாலைந்து விநாடி போய்விடும். அவசரமாக எடுக்கும் ஷாட் பெரும்பாலும் விழாது.

பாடம் 1: நிற்பது

பாதங்களைத் தோளைவிடச் சற்று அகலமாக வையுங்கள். முழங்காலை மடித்து, நாற்காலியில் பாதி உட்கார்ந்தது போல இடுப்பை இறக்குங்கள். எடை முன்பாதத்தில் இருக்கட்டும். குதிகால் தரையை லேசாகத் தொட்டால் போதும். முதுகு நேராக, நெஞ்சு நிமிர்ந்து இருக்க வேண்டும்.

பலர் இடுப்பை இறக்குவதற்குப் பதிலாக முதுகை வளைத்துக் குனிவார்கள். பார்ப்பதற்குத் தாழ்வாக நிற்பது போல இருக்கும். ஆனால் எடை முன்னால் போய்விடும், பின்வாங்க முடியாது. இதைச் சோதிக்க எளிய வழி: நண்பரை உங்கள் தோளில் பக்கவாட்டில் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். தடுமாறினால் பாதம் குறுகல். பிறகு நெஞ்சில் தள்ளச் சொல்லுங்கள். பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலில் இருக்கிறது. பொறியியலில் இதைத்தான் தாழ்ந்த புவியீர்ப்பு மையம், அகன்ற தாங்குதளம் என்று படிக்கிறோம். திடலில் அது தொடைவலியாகத் தெரியும். முதல் வாரம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடம் 2: சறுக்கி நகர்வது

வலப்பக்கம் போக வேண்டுமா? இடக்காலால் தரையைத் தள்ளுங்கள். வலக்கால் தரையை ஒட்டியே நகரும். பிறகு இடக்கால் பின்தொடரும். இரண்டு குதிகால்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது, கால்கள் குறுக்கே பின்னக்கூடாது. பின்னிய நொடியில் எதிராளி திசை மாற்றினால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

தலை மேலும் கீழும் குதிக்கிறதா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். குதித்தால் நீங்கள் சறுக்கவில்லை, துள்ளுகிறீர்கள். ஒவ்வொரு துள்ளலிலும் கால் காற்றில் இருக்கும். காற்றில் இருக்கும் காலால் தரையைத் தள்ள முடியாது.

பயிற்சி: ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். நண்பர் பந்தைத் தட்டிக்கொண்டு திடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வளைந்து வளைந்து வரட்டும். கையே இல்லாமல், காலாலும் நெஞ்சாலும் மட்டும் அவர் முன்னால் இருந்துகொண்டே இருங்கள். எங்கள் திடலில் அதிகமாகச் செய்வது இந்தப் பயிற்சியைத்தான்.

பாடம் 3: எவ்வளவு தூரம்?

"ஒரு கை தூரம்" என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கண்ணால் பார்த்து உடம்பு அசையத் தொடங்க நமக்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். விநாடிக்கு நாலு மீட்டர் வேகத்தில் ஒருவர் ஓடி வருகிறார் என்று வையுங்கள். நீங்கள் அசைவதற்குள் அவர் 0.8 மீட்டர் வந்துவிடுவார். அது ஒரு கை தூரத்துக்கும் அதிகம்.

ஆகவே தூரம் எப்போதும் ஒன்றாக இருக்காது. வேகமாக ஓடி வருபவருக்குக் கூடுதல் இடைவெளி விட்டு, அவர் நெருங்குவதற்கு முன்பே பின்வாங்கத் தொடங்குங்கள். நின்றுகொண்டு பந்தைத் தட்டுபவருக்கு ஒரு கை தூரம் சரி. தட்டுவதை நிறுத்திப் பந்தைப் பிடித்துவிட்டாரா? இனி அவரால் மறுபடி தட்ட முடியாது. ஒட்டிப்போய் நில்லுங்கள்.

இன்னொரு கணக்கு தைரியம் தரும். கூடையிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி எதிராளி, ஐந்து மீட்டர் தள்ளி நீங்கள். அவர் உங்களைச் சுற்றிக்கொண்டு 60 பாகை வளைந்து ஓடினால் அவருக்கு ஏறக்குறைய 6.3 மீட்டர் ஓட்டம். உங்களுக்கு 5.2 மீட்டர்தான். உள்வட்டத்தில் நிற்பவருக்கு ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம். அவர் உங்களைவிட வேகக்காரராக இருந்தாலும் மறிக்க முடியும் என்பதற்கு இதுதான் காரணம். ஆனால் நடுவில் நிற்கும் இடத்தை விட்டுவிட்டால் இந்தச் சலுகை போய்விடும்.

பாடம் 4: எங்கே பார்ப்பது?

பந்தைப் பார்த்தால் ஏமாறுவீர்கள். கண்ணைப் பார்த்தாலும் ஏமாறுவீர்கள். தோள்கூடப் பொய் சொல்லும். தொப்புளைப் பாருங்கள். தொப்புள் போகாத இடத்துக்கு ஆள் போக முடியாது.

கபடி ஆடிய தம்பிகளுக்கு இது உடனே புரிந்துவிடும். பாடி வருபவர் கையை ஆட்டிப் பாவலா காட்டினால் நல்ல தடுப்பாளர் பாய மாட்டார். உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்று காத்திருந்து, கோட்டுப் பக்கமாக ஒதுக்குவார். இங்கேயும் அதே பொறுமைதான்.

பாடம் 5: எந்தப் பக்கம் விடுவது?

இரண்டு பக்கத்தையும் ஒருவரால் முழுதாக அடைக்க முடியாது. ஒரு பக்கத்தை மூடி, மறுபக்கத்தை நீங்களே தேர்ந்து கொடுங்கள். வழக்கமாக நடுப்பகுதியை மூடி, பக்கக்கோட்டை நோக்கி அனுப்புவோம். நடுவில் போனால் அவருக்கு இரண்டு பக்கமும் பாஸ் கொடுக்க வழி உண்டு. பக்கக்கோட்டில் பாதி வழி அடைபட்டுவிடும். கோட்டைத் தாண்டினால் பந்து நமக்கு.

எதிராளி வலக்கைக்காரர் என்றால் அவருடைய வலக்கைக்கு நேராகச் சற்று நகர்ந்து நின்று இடப்பக்கம் போக வையுங்கள். ஆட்டம் தொடங்கிய இரண்டு நிமிடத்துக்குள் அவர் எந்தக் கையில் அதிகம் தட்டுகிறார் என்று கண்டுபிடித்து அணிக்குச் சொல்வதும் உங்கள் பொறுப்பு.

பாடம் 6: இப்போதுதான் கை

ஒரு கை பந்து இருக்கும் இடத்துக்கு நேராக, உள்ளங்கை மேல்நோக்கி. இன்னொரு கை பாஸ் போகும் வழியில். பந்தைத் தட்ட நினைத்தால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். மேலிருந்து கீழே அடித்தால் அவர் கையில்தான் விழும். நடுவரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருப்பார்.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் ஆமை உவமை நமக்குத் தெரியும். குறளில் அடக்கமுடைமை அதிகாரத்திலும் அதே ஆமைதான் வருகிறது. அது சொல்ல வந்தது இதைவிட மிகப் பெரிய விஷயம். ஆனாலும் எங்கள் திடலில் யாராவது கையை நீட்டினால் மற்றவர்கள் "ஆமை! ஆமை!" என்று கத்துவார்கள். நீட்டிய கை உடனே உள்ளே வந்துவிடும்.

எதிராளி ஷாட் போட எழும்பினால் அவருக்கு முன்பே நீங்கள் குதிக்காதீர்கள். பாவலா காட்டினால் நீங்கள் காற்றில், அவர் தரையில். அவர் கால் தரையைவிட்டு எழுந்த பிறகு கையை நேராக மேலே உயர்த்துங்கள். விதிப்படி தரையில் நீங்கள் நிற்கும் இடமும் அதற்கு நேர் மேலே உள்ள இடமும் உங்களுக்குச் சொந்தம். அதற்குள் நேராக எழும்பினால் மோதல் நடந்தாலும் தவறு உங்கள் மேல் இல்லை. கையை முன்னால் சாய்த்தால் அந்த உரிமை போய்விடும்.

தாண்டிப் போய்விட்டால்?

போவார்கள். எல்லோரையும் தாண்டிப் போவார்கள். அப்போது சறுக்குவதை விட்டுவிட்டுத் திரும்பி முழு வேகத்தில் ஓடுங்கள். பந்தை நோக்கி ஓடாதீர்கள், அவர் போகப்போகும் இடத்தை நோக்கி ஓடுங்கள். முன்னால் வந்ததும் மறுபடி இடுப்பை இறக்குங்கள். ஓடும்போதே "உதவி!" என்று சத்தம் போடுங்கள். வாயைத் திறக்காத தற்காப்பு பாதித் தற்காப்புதான். பின்னாலிருந்து கையை நீட்டுவது மட்டும் வேண்டாம். நான் செய்த தவறு அதற்குத் தம்பி முறை.

சொல்லிக் கொடுப்பவர்களுக்கு

கற்றுக்கொள்வது ஒன்று, கற்றுக்கொடுப்பது வேறு. நான் செய்த மூன்று தவறுகளைச் சொல்கிறேன், நீங்கள் தவிர்க்கலாம்.

முதலாவது, முதல் நாள் இருபது நிமிடம் பேசினேன். கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இரண்டு நிமிடம் சொல்கிறேன், எட்டு நிமிடம் செய்ய வைக்கிறேன்.

இரண்டாவது, தாமதமாக வந்தவர்களுக்குத் தண்டனையாகச் சறுக்குப் பயிற்சி கொடுத்தேன். தண்டனையாகக் கொடுத்ததை யார் ஆசையாகக் கற்பார்கள்?

மூன்றாவது, யார் எத்தனை தடவை பந்தைப் பறித்தார்கள் என்று எண்ணினேன். எதை எண்ணுகிறோமோ அதையே பிள்ளைகள் செய்வார்கள். எல்லோரும் கையை நீட்டத் தொடங்கினார்கள். பிறகு எண்ணுவதை மாற்றினேன். எதிராளி திசை மாறினால் ஒரு புள்ளி, தட்டுவதை நிறுத்திப் பந்தைப் பிடித்தால் இரண்டு புள்ளி, ஃபவுல் செய்தால் மூன்று புள்ளி கழிவு. இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது.

அந்தப் புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வந்தது உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு தம்பி. அணியில் அவன்தான் எல்லோரையும்விடக் குள்ளம். அதுவரை தண்ணீர்ப் போத்தல்களைக் காவல் காத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பான். பட்டியலைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தப்பா எண்ணிட்டீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அன்றிலிருந்து துண்டைக் கையிலேயே கொண்டு வர ஆரம்பித்தான்.

சென்ற மாதம் ஒரு நட்புமுறை ஆட்டத்தில் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறிக்க அவனைத்தான் அனுப்பினேன். கடைசி விநாடிகள். நாங்கள் ஒரு புள்ளி முன்னிலை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே நிலைமை, இப்போது வேறொருவனின் தோளில். எதிராளி இடப்பக்கம் போனார், இவன் சறுக்கினான். வலப்பக்கம் திரும்பினார், இவன் அங்கேயும் இருந்தான். கை வெளியே வரவே இல்லை. கடைசியில் அவர் பின்னால் சாய்ந்து இவன் விரலுக்கு மேலே ஒரு ஷாட் போட்டார். பந்து வளையத்தில் இரண்டு தடவை மோதிக் கூடைக்குள் விழுந்தது.

தோற்றுவிட்டோம். ஒரே புள்ளியில், என்னைப் போலவே.

ஆட்டம் முடிந்து எல்லோரும் தேக்கா நிலையத்துக்குச் சாப்பிடப் போனோம். அவன் பரோட்டாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "உன்னோட கால் நின்னுச்சா?" என்று கேட்டேன். "இல்லண்ணே." "கை போச்சா?" "இல்லண்ணே." "அப்புறம் என்னடா? அது நல்ல ஷாட். அவரும் பயிற்சி பண்ணித்தானே வர்றார்?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பரோட்டாவைப் பிய்த்தான். நான் தோற்ற பிறகு மூன்று வாரம் திடல் பக்கமே போகவில்லை. இவன் அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்னால் வந்து நின்றான்.

ஷாட் விழுவதும் விழாததும் நம் கையில் இல்லை. கால் எங்கே இருக்க வேண்டும் என்பது நம்மிடம் இருக்கிறது. நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். தோற்ற பிறகும் மறுநாள் பயிற்சிக்கு வர அது போதும் என்பதை அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரம்: நிற்கும் நிலையில் 20 விநாடி, ஐந்து தடவை. நடுவில் 20 விநாடி ஓய்வு.

இரண்டாம் வாரம்: மேற்கண்டதோடு, துண்டைப் பிடித்துச் சறுக்குதல், திடலின் முழு நீளத்துக்கு ஆறு தடவை.

மூன்றாம் வாரம்: துண்டு இல்லாமல், பக்கக்கோட்டுக்கு ஒதுக்கும் பயிற்சி. ஒருவருக்கு ஒருவர், பத்துத் தடவை.

நான்காம் வாரம்: புள்ளி எண்ணி ஆடும் ஆட்டம். ஃபவுலுக்குக் கழிவு உண்டு.

தொடங்கும் முன் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். மழை பெய்து ஈரமான திடலில் சறுக்குப் பயிற்சி வேண்டவே வேண்டாம். முழங்கால் வலித்தால் நிறுத்துங்கள்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் கடைசி ஆட்டத்தில் நீங்கள் செய்த ஃபவுல்களில் எத்தனை கால் நின்றுபோனதால் நடந்தவை?

2. உங்கள் அணியில் ஓரமாக உட்கார்ந்திருப்பவர் யார்? அவருக்கு எது வரும் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?